ஏழைகளின் மருத்துவ அட்டையும் மாநிலத்தின் கஜானாவும்



சென்ற ஆண்டு சித்திரைத் திருநாளுக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை, நம் சங்கக் கூடத்தில் மருத்துவக் காப்பீட்டு அட்டைக்கான முகாம் நடந்தது பலருக்கும் நினைவிருக்கலாம். கட்டட வேலைக்கும் வீட்டு வேலைக்கும் வந்து, இருபது வருஷங்களாக இந்த ஊரிலேயே தங்கிவிட்ட நம்மவர் குடும்பங்கள் நாற்பதுக்கு மேல் வந்திருந்தன. விண்ணப்பங்களை நிரப்பிக் கொடுக்கும் பொறுப்பு என்னுடையது. காலை பத்து மணிக்கு உட்கார்ந்தவன் விளக்கு வைக்கும் நேரம் வரை எழுதினேன். எழுதியதோடு நிறுத்தியிருக்கலாம். ஒவ்வொருவரிடமும், "இனிமேல் ஆஸ்பத்திரிச் செலவுக்காக வட்டிக்குப் பணம் வாங்க வேண்டாம். வருஷத்துக்கு ஐந்து லட்ச ரூபாய் வரை அரசாங்கம் பார்த்துக்கொள்ளும்" என்று என் சார்பில் ஓர் உத்தரவாதமும் கொடுத்து அனுப்பினேன்.

மார்கழிக் குளிரில் ஒரு நாள் இரவு எட்டு மணி இருக்கும். வாசலில் மணி அடித்தது. கள்ளக்குறிச்சிப் பக்கத்துக் கொத்தனார் ஒருவரும் அவர் மனைவியும் நின்றிருந்தார்கள். அந்த அம்மாளுக்குப் பித்தப்பையில் கல். ஒரு தனியார் மருத்துவமனையில் அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்துக் கொடுத்திருந்தார்கள். அன்று காலை போனபோது திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

"கார்டு செல்லும்னுதான் சார் சொல்றாங்க. ஆனா இப்ப எடுத்துக்க மாட்டாங்களாம். கவர்மெண்டு பணம் வரலையாம். நாப்பத்தஞ்சாயிரம் கட்டினா நாளைக்கே பண்ணிடறோம்ங்கறாங்க" என்றார் கொத்தனார்.

"அன்னிக்கு சார்தானே எழுதிக் குடுத்தீங்க, சாரைக் கேட்டா தெரியும்னு வந்தோம்" என்றார் அவர் மனைவி.

அந்த அம்மாள் குறையாகச் சொல்லவில்லை. ஆனாலும் எனக்கு உறைத்தது. அட்டை செல்லும், ஆனால் எடுத்துக்கொள்ள மாட்டார்கள் என்றால் அதற்கு என்ன அர்த்தம்? என்னிடம் பதில் இல்லை. நான் பொருளாதாரம் படித்தவன் அல்லன். டிப்ளமோ முடித்து 1982-ல் ரயில்வேயில் சேர்ந்து, முப்பத்தெட்டு ஆண்டுகள் தண்டவாளப் பராமரிப்பிலேயே காலம் தள்ளி, 2020-ல் ஓய்வு பெற்றவன். இருந்தாலும், ஒரு விஷயம் ஏன் வேலை செய்யவில்லை என்று கேட்டால் அடிவரை தோண்டிப் பார்ப்பது எங்கள் தொழில் பழக்கம். அப்படித் தோண்டியதில் என் சிற்றறிவுக்கு எட்டியதை இங்கே எழுதுகிறேன்.

யாருடைய பணம்?

முதலில் ஒரு தவறான எண்ணத்தைக் களைய வேண்டும். "மத்திய சர்க்கார் அட்டை, டெல்லி பணம் கொடுக்கிறது" என்றுதான் நம்மில் பெரும்பாலோர் நினைக்கிறோம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். நம் அரசியல் சட்டத்தின் ஏழாவது அட்டவணைப்படி பொதுச் சுகாதாரமும் மருத்துவமனைகளும் மாநிலப் பட்டியலில் வருபவை. ஆகவே முதல் பொறுப்பு மாநிலத்தினுடையது.

ஏழைகளுக்கான காப்பீட்டு முயற்சிகளும் மாநிலங்களில்தான் வேர் பிடித்தன. 2003-ல் கர்நாடகம் கூட்டுறவுச் சங்க விவசாயிகளுக்காக யசஸ்வினி திட்டத்தைத் தொடங்கியது. 2007-ல் ஆந்திரம் ராஜீவ் ஆரோக்கியஸ்ரீயைக் கொண்டுவந்தது. தமிழ்நாட்டில் 2009-ல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தது. 2012 முதல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் நடக்கிறது. மத்திய அரசு 2008-ல் தொடங்கிய ராஷ்ட்ரீய ஸ்வாஸ்திய பீமா யோஜனாவில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 30,000 ரூபாய்தான் வரம்பு. அதன் பிறகு 2018 செப்டம்பர் 23 அன்று ராஞ்சியில், ஐந்து லட்ச ரூபாய் வரம்புடன் ஆயுஷ்மான் பாரத் பிரதம மந்திரி ஜன ஆரோக்கிய யோஜனா தொடங்கப்பட்டது.

இந்தத் திட்டத்தின் செலவைப் பெரும்பாலான மாநிலங்களில் மத்திய அரசு நூற்றுக்கு 60, மாநில அரசு நூற்றுக்கு 40 என்று பகிர்ந்துகொள்கின்றன. வடகிழக்கு மாநிலங்களுக்கும் இமாசலம், உத்தராகண்ட் போன்ற இமயமலை மாநிலங்களுக்கும் இது 90க்கு 10. கேட்பதற்குத் தாராளமாகத்தான் இருக்கிறது. ஆனால் இரண்டு நிபந்தனைகள் உண்டு. ஒன்று, மத்திய அரசின் பங்கு அதன் பட்டியலில் உள்ள தகுதியான குடும்பங்களுக்கு மட்டுமே. இரண்டு, ஒரு குடும்பத்துக்கு இவ்வளவுதான் என்று ஓர் உச்சவரம்பும் உண்டு. செலவு அதைத் தாண்டினால், தாண்டிய பகுதி முழுவதும் மாநிலத்தின் தலையில் விழும்.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு மாநிலத்தில் 100 குடும்பங்களுக்கு அட்டை. குடும்பத்துக்கு ஆண்டுச் செலவு 1,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 1,00,000 ரூபாய். இதில் மத்தியப் பட்டியலில் உள்ளவை 40 குடும்பங்கள். மீதி 60 குடும்பங்களை மாநிலம் தன் விருப்பப்படி சேர்த்திருக்கிறது. மத்திய அரசு கொடுப்பது 40,000 ரூபாயில் நூற்றுக்கு 60, அதாவது 24,000 ரூபாய். மாநிலத்தின் பொறுப்பு 76,000 ரூபாய். பெயருக்கு 60க்கு 40. உண்மையில் 24க்கு 76! எண்கள் கணக்குக்காக நான் வைத்துக்கொண்டவை. ஆனால் பல மாநிலங்கள் மத்தியப் பட்டியலுக்கு வெளியேயும் ஏராளமான குடும்பங்களைச் சேர்த்திருப்பது உண்மை. அப்படிச் சேர்த்தது நல்ல காரியம். அதை நான் குறை சொல்லவில்லை. சேர்க்கும் அன்றைக்குக் கைதட்டல் கிடைக்கிறது. பில் பிறகு வருகிறது.

பணம் போகும் வழி

ஆஸ்பத்திரிக்குப் பணம் போகும் வழி இரண்டு வகை. முதலாவது காப்பீட்டு முறை. மாநிலம் ஒரு காப்பீட்டு நிறுவனத்துக்குக் குடும்பத்துக்கு இவ்வளவு என்று பிரீமியம் கட்டிவிடும். ஆஸ்பத்திரி பில்லை அந்த நிறுவனம் கொடுக்கும். தமிழ்நாட்டில் இந்த முறை. இரண்டாவது டிரஸ்ட் முறை. இடையில் நிறுவனம் கிடையாது. மாநில அரசு அமைத்த சுகாதார முகமை ஒன்று பில்லைச் சரிபார்த்துத் தானே பணம் கொடுக்கும். பெரும்பாலான மாநிலங்கள் இன்று இந்த முறையில்தான் இருக்கின்றன.

டிரஸ்ட் முறையில் காப்பீட்டு நிறுவனத்துக்குப் போகும் லாபம் மிச்சம். ஆனால் கஜானாவுக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவே தாங்குவதற்கு எதுவும் இல்லை. கஜானாவில் தாமதம் என்றால் அது நேராக ஆஸ்பத்திரி வாசலில் வந்து நிற்கும். உள்மாநில நோயாளியின் பில்லை 15 நாளிலும், வெளிமாநில நோயாளியின் பில்லை 30 நாளிலும் தீர்க்க வேண்டும் என்பது தேசிய சுகாதார ஆணையத்தின் விதி. நடைமுறையில் மாதக்கணக்கில் இழுத்துக்கொண்டு போவதுதான் தகராறுகளுக்கெல்லாம் மூலம்.

கஜானா ஏன் வறளுகிறது?

ஒரு குடும்பத் தலைவரின் நிலையை எண்ணிப் பாருங்கள். மாதச் சம்பளத்தில் வீட்டு வாடகை, பள்ளிக்கூடக் கட்டணம், வங்கித் தவணை ஆகியவற்றைத் தொட முடியாது. பணம் குறைந்தால் மளிகைக் கடைக்காரரிடம், "அடுத்த மாதம் சேர்த்துத் தருகிறேன்" என்பார். மாநில அரசும் இப்படித்தான். சம்பளம், ஓய்வூதியம், வட்டி ஆகிய மூன்றுக்கே பல மாநிலங்களில் வருவாயில் ஏறத்தாழப் பாதி போய்விடுகிறது. இவற்றை ஒரு மாதம் தள்ளிப்போட்டாலும் ஊரே கொதிக்கும். மின்சார மானியத்தில் கை வைத்தால் ஓட்டுப் போய்விடும். ஆஸ்பத்திரி பில்தான் மளிகைக் கடைப் பாக்கி.

கடன் வாங்கிச் சமாளிக்கலாமே என்றால் அதற்கும் வரம்பு உண்டு. மாநிலங்களின் நிதிப் பற்றாக்குறை அதன் மொத்த உற்பத்தியில் நூற்றுக்கு 3-ஐ ஒட்டி இருக்க வேண்டும் என்பது பொதுவான நெறி. மத்திய அரசுக்குக் கடன் பாக்கி வைத்திருக்கும் மாநிலம், புதுக் கடன் வாங்க அரசியல் சட்டத்தின் 293-ஆவது பிரிவின்படி மத்திய அரசின் சம்மதம் பெற வேண்டும். 2020-ல் கொரோனா வந்தபோது இந்த வரம்பை அந்த ஓர் ஆண்டுக்கு 5 வரை உயர்த்தினார்கள்; உயர்த்தியதில் ஒரு பகுதிக்கு நிபந்தனைகளும் இருந்தன. ஜி.எஸ்.டி. வந்த 2017 ஜூலை முதல் ஐந்தாண்டுகளுக்கு மாநிலங்களின் வரி வருவாய் ஆண்டுக்கு 14 சதவீதம் வளரும் என்று மத்திய அரசு உத்தரவாதம் கொடுத்து, குறைந்ததை ஈடு செய்துவந்தது. 2022 ஜூனில் அந்த உத்தரவாதம் முடிந்தது. அதன் பிறகு வருவாய் குறைந்தால் அந்த இடி மாநிலத்துக்குத்தான்.

இதிலே ஒரு கொடுமையான பொருத்தம் இருக்கிறது. தொழில் மந்தமாகும்போது மாநிலத்தின் வரி வருவாய் குறையும். அதே நேரத்தில்தான் கட்டட வேலை நிற்கும், கூலி குறையும், கையில் காசு இல்லாதவர்கள் அட்டையை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு அதிகமாக வருவார்கள். அதாவது, அட்டை அதிகமாகத் தேவைப்படும் காலமும் அதற்குப் பணம் இல்லாத காலமும் ஒன்றாகவே வருகின்றன. மழை பெய்யும்போது மட்டும் விரியாத குடை மாதிரி!

அறிவிப்பில்லாத வெட்டு

எங்கள் ரயில்வேயில் 'காஷன் ஆர்டர்' என்று ஒன்று உண்டு. ஓர் இடத்தில் தண்டவாளமோ அடியிலுள்ள மண்ணோ பலவீனமாக இருந்தால் பாதையை மூட மாட்டோம். "இந்தக் கிலோமீட்டரிலிருந்து இந்தக் கிலோமீட்டர் வரை வேகம் 20-க்கு மேல் போகக் கூடாது" என்று டிரைவர் கையில் சீட்டுக் கொடுத்துவிடுவோம். கால அட்டவணையில் ரயில் ஓடிக்கொண்டுதான் இருக்கும். ஆனால் ஊர் போய்ச் சேரும் நேரம் யாருக்கும் தெரியாது.

மருத்துவ அட்டைக்கும் இதுதான் நடக்கிறது. எந்த முதலமைச்சரும், "பணம் இல்லை, திட்டத்தை நிறுத்துகிறேன்" என்று அறிவிப்பதில்லை. பட்ஜெட்டில் தொகை இருக்கும். சுவரொட்டியில் படம் இருக்கும். ஆஸ்பத்திரிக்குப் பணம் போகும் வேகத்தை மட்டும் குறைத்துவிடுவார்கள். மூன்று மாதம், ஆறு மாதம் பாக்கி ஏறும். கடைசியில் ஆஸ்பத்திரி கையை விரிக்கும். ஒரு வித்தியாசம்: எங்கள் டிரைவர் கையில் சீட்டு இருக்கும். நம் கொத்தனார் கையில் அப்படி எதுவும் இல்லை.

இதில் ஒரு கணக்கு நுணுக்கமும் உண்டு. நம் அரசுகளின் கணக்கு ரொக்க முறையில் எழுதப்படுவது. பணம் கையை விட்டுப் போனால்தான் அது செலவு. கொடுக்காமல் வைத்திருக்கும் ஆஸ்பத்திரி பில் அந்த ஆண்டின் செலவில் சேராது. ஆகவே பாக்கி வைக்க வைக்கப் பற்றாக்குறை குறைந்தது போலக் காகிதத்தில் தெரியும்.

சில நடப்புகளைப் பார்ப்போம். பஞ்சாபில் 2021 டிசம்பர் கடைசியில் காப்பீட்டு நிறுவனத்துடனான ஒப்பந்தம் முடிந்து, திட்டம் டிரஸ்ட் முறைக்கு மாறியது. அதன் பிறகு பாக்கி ஏறிக்கொண்டே போக, 2022 ஆகஸ்டில் சண்டிகரிலுள்ள பி.ஜி.ஐ. மருத்துவ நிலையம் பஞ்சாபிலிருந்து அட்டையுடன் வரும் புதிய நோயாளிகளைச் சேர்ப்பதை நிறுத்தியது. பாக்கி சுமார் 16 கோடி ரூபாய் என்று செய்தி வந்தது. பி.ஜி.ஐ. லாபம் தேடும் தனியார் ஆஸ்பத்திரி அன்று. மத்திய அரசின் நிறுவனம்! சில நாட்களில் பணம் வந்து சேவை தொடர்ந்தது. ஹரியானாவில் 2025 ஆகஸ்ட் 7 முதல் நூற்றுக்கணக்கான தனியார் மருத்துவமனைகள் இந்தச் சேவையை நிறுத்தின. பாக்கி சுமார் 500 கோடி என்று மருத்துவர் சங்கம் சொன்னது. இந்தத் திட்டங்களுக்கு வழிகாட்டியாக இருந்த ஆந்திரத்திலும், அதிலிருந்து பிரிந்த தெலங்கானாவிலும் அதே 2025-ல் பாக்கிக்காகத் தனியார் மருத்துவமனைகள் சேவையை நிறுத்தின. கட்சி எதுவானாலும் கதை ஒன்றுதான் என்பதைக் கவனிக்க வேண்டும்.

மறுபக்கத்தையும் சொல்வது நியாயம். எல்லாத் தாமதமும் பணமில்லாமல் வருவதன்று. பொய் பில்களும் உண்டு. மத்திய தணிக்கை அதிகாரி 2023-ல் சமர்ப்பித்த அறிக்கையில், ஒரே கைப்பேசி எண்ணில் சுமார் ஏழரை லட்சம் பயனாளிகள் பதிவாகியிருந்ததைச் சுட்டிக்காட்டினார். பில்லைச் சரிபார்க்கத்தான் வேண்டும். ஆனால் சரிபார்ப்பது வேறு, சரிபார்த்த பில்லுக்கும் பணம் தராமல் வைத்திருப்பது வேறு.

அமெரிக்காவில் என்ன செய்கிறார்கள்?

இது நமக்கு மட்டும் உள்ள சிக்கல் அன்று. பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா போய்வந்தவர்கள் 'மெடிக்கெய்ட்' என்ற பெயரைக் கேட்டிருப்பார்கள். ஏழைகளுக்காக 1965-ல் தொடங்கப்பட்ட மருத்துவத் திட்டம் அது. அங்கும் செலவை மத்திய அரசும் மாநிலமும் பகிர்ந்துகொள்கின்றன. மத்திய அரசின் பங்கு எந்த மாநிலத்துக்கும் நூற்றுக்கு 50-க்குக் குறையாது. வருமானம் குறைந்த மாநிலங்களுக்கு 70-க்கு மேலும் போகும். அங்கே அநேகமாக எல்லா மாநிலங்களும் பற்றாக்குறை இல்லாமல் பட்ஜெட் போட்டாக வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. ஆகவே வரி குறைந்தால் வெட்டு நிச்சயம். டென்னசி மாநிலம் 2005-ல் செலவு தாங்காமல் சுமார் 1,70,000 பேரைத் திட்டத்திலிருந்து நீக்கியது.

இதற்கு அவர்கள் கண்ட வழி ஒன்று நாம் கவனிக்கத் தக்கது. பொருளாதாரம் படுத்த காலங்களில் மத்திய அரசு தன் பங்கைத் தற்காலிகமாக உயர்த்தியது. 2003-ல் 2.95 புள்ளிகள். 2009-ல் 6.2 புள்ளிகளும், வேலையில்லாதோர் அதிகமான மாநிலங்களுக்கு அதற்கு மேலும். 2020-ல் கொரோனாவின்போது மறுபடியும் 6.2 புள்ளிகள். பணத்தோடு ஒரு நிபந்தனையும் வைத்தார்கள். 2020-ல் வைத்தது, "கூடுதல் பணம் வாங்கும் மாநிலம் திட்டத்தில் உள்ளவர்களை நீக்கக் கூடாது" என்பது. அந்த நிபந்தனை 2023 மார்ச் வரை இருந்தது. கூடுதல் பணம் படிப்படியாகக் குறைந்து அந்த ஆண்டின் இறுதியில் நின்றது. 2025 ஜூலையில் வந்த புதிய சட்டம் மெடிக்கெய்டுக்கான மத்தியச் செலவைக் குறைக்கும் வழியில் திரும்பிவிட்டது என்பதையும் சொல்ல வேண்டும். அங்கும் எல்லாம் நிலைத்துவிடவில்லை. ஆனாலும், மாநிலத்துக்குக் கை தளரும் ஆண்டில் மத்திய அரசு தோள் கொடுப்பது, அதற்கு ஈடாக ஏழையை வெளியே தள்ளாதே என்று கட்டுப்படுத்துவது என்ற கொள்கை எனக்கு நியாயமாகப் படுகிறது.

நம் நாட்டில் 60க்கு 40 என்ற பங்கு நல்ல ஆண்டிலும் அதுதான், பஞ்ச ஆண்டிலும் அதுதான்.

ரயில்வேயில் கண்ட ஒரு பாடம்

நான் வேலையில் இருந்தபோது இதே நோயை வேறு உருவில் பார்த்திருக்கிறேன். தண்டவாளத்துக்கும் ஆயுள் உண்டு; காலம் வந்தால் மாற்றியாக வேண்டும். 1990-களில் பணம் போதாத ஆண்டுகளில் புதுப்பிக்கும் வேலையை, "அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்று தள்ளிவைப்பார்கள். அந்த ஆண்டுக் கணக்கு அழகாக இருக்கும். டிராலியில் போய்ப் பார்க்கும் எங்களுக்குத்தான் தெரியும், எத்தனை கிலோமீட்டர் பாக்கி நிற்கிறது என்று. கடைசியில் 2001-ல் 17,000 கோடி ரூபாயில் சிறப்பு ரயில்வே பாதுகாப்பு நிதி என்று தனியாக ஒன்றை உருவாக்கினார்கள். பாக்கி நின்ற தண்டவாளங்கள், பாலங்கள், சிக்னல்களை மாற்றுவதற்கு மட்டுமே அந்தப் பணம். வேறு எதற்கும் எடுக்க முடியாது. ஆண்டு முடிந்தால் காலாவதியும் ஆகாது. அந்தச் சில ஆண்டுகளில் எங்கள் பகுதியில் நடந்த வேலை, அதற்கு முன் பத்தாண்டுகளில் நடந்ததை விட அதிகம் என்று என்னால் சொல்ல முடியும்.

ஏழைகளின் காப்பீட்டுக்கும் இப்படி ஒன்று வேண்டும் என்பதே என் தாழ்மையான கருத்து. வரி நன்றாக வரும் ஆண்டில் ஒரு பகுதியை ஒவ்வொரு மாநிலமும் தனி நிதியாக ஒதுக்கி வைக்கட்டும். மோசமான ஆண்டில் ஆஸ்பத்திரி பாக்கிக்கு மட்டுமே அதை எடுக்கட்டும். அந்த ஆண்டில் மத்திய அரசும் தன் பங்கைக் கொஞ்சம் உயர்த்தட்டும். ஒவ்வொரு மாத இறுதியிலும் ஆஸ்பத்திரிகளுக்கு எவ்வளவு பாக்கி என்பதை ஊரறிய வெளியிடட்டும். அப்போது காஷன் ஆர்டர் ஏழையின் கைக்கும் வந்துவிடும்.

பணமே இல்லை என்று சொல்வதற்கும் இடமில்லை. 2017-ன் தேசிய சுகாதாரக் கொள்கை, மாநிலங்கள் தம் பட்ஜெட்டில் நூற்றுக்கு 8-க்கு மேல் சுகாதாரத்துக்குச் செலவிட வேண்டும் என்றது. பதினைந்தாவது நிதிக் குழுவும் அதையே சொன்னது. பலன் இல்லாமலும் இல்லை. நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் மக்கள் தம் கையிலிருந்து கொடுத்தது 2013-14-ல் நூற்றுக்கு 64-ஆக இருந்து, 2021-22-ல் 39-ஆகக் குறைந்திருப்பதாக அரசின் கணக்கு கூறுகிறது. இவ்வளவு தூரம் ஏறிவந்த பிறகு பாக்கியால் வழுக்கி விழக் கூடாது.

நாம் செய்யக்கூடியவை

கொள்கையை டெல்லி பார்க்கட்டும். நமக்குத் தெரிந்த குடும்பங்களுக்கு உடனே சொல்ல வேண்டியவை சில உண்டு.

1. அவசரமில்லாத அறுவை சிகிச்சை என்றால், நாள் குறிக்கும் முன் ஆஸ்பத்திரியிலுள்ள ஆயுஷ்மான் மித்ராவிடம், "இந்த வாரம் அட்டையை ஏற்கிறீர்களா?" என்று நேராகக் கேளுங்கள். அப்படியே அருகிலுள்ள அரசு மருத்துவமனையிலும் பெயரைப் பதிந்துவையுங்கள். தனியார் நிறுத்தும் காலத்திலும் அரசு மருத்துவமனை பெரும்பாலும் நடக்கும்.

2. அட்டை எந்த மாநிலத்தது என்று பாருங்கள். மத்தியப் பட்டியலில் பெயர் உள்ள குடும்பம், திட்டத்தில் சேர்ந்த எந்த மாநிலத்திலும் சிகிச்சை பெறலாம். ஊரில் மாநில அரசு தன் பணத்தில் கொடுத்த அட்டை பொதுவாக வெளிமாநிலத்தில் செல்லாது. "ஊர் கார்டு இருக்கிறதே" என்று நம்பி இருக்க வேண்டாம்.

3. பெயர் விஷயம். நம்மவர்களின் இனிஷியல் இங்குள்ள அலுவலகங்களில் படும் பாடு உங்களுக்குத் தெரியும். ஆதாரில் ஒரு மாதிரி, ரேஷன் அட்டையில் ஒரு மாதிரி இருந்தால் ஆஸ்பத்திரியில் தடுமாற்றம். நலமாக இருக்கும்போதே திருத்திவிடுங்கள்.

4. கான்டிராக்டரிடம் மாதச் சம்பளத்துக்கு வேலை செய்பவர்கள் இ.எஸ்.ஐ. பிடிக்கிறார்களா என்று கேளுங்கள். 2017 முதல் 21,000 ரூபாய் வரை சம்பளம் உள்ளவர்களுக்கு அது உண்டு. 2019 ஜூலை முதல் தொழிலாளி பங்கு முக்கால் சதவீதம், முதலாளி பங்கு மூன்றேகால் சதவீதம். அது பெரும்பாலும் சந்தாப் பணத்தில் நடப்பது. மாநில பட்ஜெட்டை மட்டும் நம்பி நிற்பதன்று.

5. 70 வயது நிறைந்தவர்களுக்கு 2024 அக்டோபர் முதல் வருமான வரம்பு இல்லாமல் அட்டை கொடுக்கிறார்கள். ஊரிலிருந்து அழைத்துவந்து வைத்திருக்கும் பெற்றோருக்கு மறக்காமல் எடுங்கள்.

6. அட்டையை ஏற்க மறுத்தால், எந்தக் காரணத்தால் என்று எழுதிக் கேளுங்கள். 14555 என்ற எண்ணில் புகாரைப் பதிந்து, புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ரசீது இல்லாமல் ஒரு ரூபாயும் கட்ட வேண்டாம்.

கொத்தனார் குடும்பம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். மறுநாள் காலை நானும் அவர்களுடன் மாவட்ட அரசு மருத்துவமனைக்குப் போனேன். மூன்று வாரம் கழித்து நாள் கொடுத்தார்கள். அந்த மூன்று வாரத்தில் அந்த அம்மாளுக்கு இரண்டு முறை வலி வந்து, இரவோடு இரவாகத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியிருந்தது. ஸ்கேனுக்கும் மருந்துக்கும், கொத்தனார் வேலைக்குப் போகாத நாட்களுக்கும் சேர்த்துப் பதினோராயிரம் ரூபாய் கடன் ஆயிற்று. அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. தைப் பொங்கலன்று ஒரு தூக்கில் சர்க்கரைப் பொங்கலோடு இருவரும் வீட்டுக்கு வந்தார்கள்.

ரயில்வேயில் ஓய்வு பெறும்போது ஒரு தொகையைக் கட்டிவிட்டு, ஆயுள் முழுவதும் மருத்துவ வசதி பெற்றவன் நான். மாநிலத்தின் கஜானா நிறைந்தாலும் வறண்டாலும் என் வைத்தியம் நிற்பதில்லை. அதனால்தான் அன்றைக்கு அவ்வளவு சுலபமாக உத்தரவாதம் கொடுத்துவிட்டேன் போலும்.

வருகிற சித்திரையில் மறுபடியும் முகாம் நடக்க இருக்கிறது. விண்ணப்பம் எழுத நான் வருவேன். அட்டை எடுக்காதீர்கள் என்று ஒருபோதும் சொல்ல மாட்டேன். அதனால் பிழைத்தவர்கள் ஏராளம். ஆனால் இந்த முறை, மேலே உள்ள ஆறு விஷயங்களையும் ஒரு தாளில் அச்சிட்டு, விண்ணப்பத்தோடு ஆளுக்கு ஒன்று கையில் கொடுக்க எண்ணியிருக்கிறேன். அச்சுச் செலவை ஏற்க அன்பர்கள் யாராவது முன்வந்தால் செயலாளரிடம் சொல்லவும்.